ஒரு மேசை, இரண்டு கணினிகள்: கீபோர்டையும் மானிட்டரையும் பகிர்ந்துகொள்ள எந்த வழி ஏற்றது?

குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலைப் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்கு வேலைக்குச் செல்பவர்களில் பலர் வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே பணிபுரிகிறார்கள். அவர்களுடைய மேசையில் நிறுவனம் கொடுத்த லேப்டாப் ஒன்றும் சொந்தக் கணினி ஒன்றும் இருக்கின்றன. நாகர்கோவிலில் டி.டி.பி. வேலை செய்பவர்களின் நிலை வேறு. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதற்காகவே ஒரு பழைய கணினியைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். மின்னஞ்சலுக்கும் இணைய வேலைக்கும் புதிய கணினி தனியாக இருக்கிறது. இந்த இரு தரப்பினரும் கேட்பது ஒரே கேள்விதான்: எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைக்க மேசையில் இடமில்லை, கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றையும் கணினிகளுக்கிடையே மாற்றித் தரும் பெட்டியான கே.வி.எம். ஸ்விட்ச் ஒன்று வாங்கிவிடலாமா?

வாங்கலாம், ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து. கீபோர்டையும் மவுஸையும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிய வேலை. படத்தை மாற்றுவது கடினமான வேலை. சாதாரண கீபோர்டு ஒன்று நொடிக்கு 1.5 மெகாபிட் வேகமுள்ள யு.எஸ்.பி. இணைப்பிலேயே நிறைவாக இயங்கிவிடும். 4கே மானிட்டருக்கு நொடிக்கு 60 முறை படம் அனுப்ப வேண்டுமானால், படத் தரவு மட்டுமே ஏறத்தாழ 12 கிகாபிட் ஆகிறது. கே.வி.எம். பெட்டியின் விலையில் பெரும்பங்கும் அதில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கும் இந்த இரண்டாவது வேலையிலிருந்தே வருகின்றன. அந்த வேலையை ஏற்கெனவே இலவசமாகச் செய்யக்கூடிய ஒரு பொருள் உங்கள் மேசையில் இருக்கிறது; மானிட்டரின் பின்பக்கத்தில் உள்ள இரண்டு அல்லது மூன்று உள்ளீடுகள்தான் அது.

## முதலில் தீர்மானிக்க வேண்டியவை

கணினி யாருடையது என்பது முதல் கேள்வி. நிறுவனத்து லேப்டாப்பில் பெரும்பாலும் எந்த மென்பொருளையும் நாமாக நிறுவ முடியாது. சில நிறுவனங்களில் தெரியாத யு.எஸ்.பி. கருவிகளுக்கும் தடை உண்டு. இந்த ஒரு கேள்விக்கான விடையே பாதி வழிகளை அடைத்துவிடும்.

இரண்டு திரைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமா, அல்லது ஒரு நேரத்தில் ஒன்று போதுமா என்பது அடுத்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் தட்டச்சு செய்பவருக்கு ஒரே மானிட்டரைப் பகிரும் எந்த ஏற்பாடும் தொல்லையாகவே முடியும். காலையில் அலுவலகம், மாலையில் சொந்த வேலை என்று பிரித்துக்கொள்பவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒரு நாளில் எத்தனை முறை மாற வேண்டியிருக்கும் என்பதையும் இதோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தமிழ்த் தட்டச்சு. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இது இடம்பெறுவதில்லை. நமக்கோ இதுவே முடிவை மாற்றிவிடக்கூடியது. நான்காவது, மின்வெட்டின்போது எது நிற்கும், எது ஓடும் என்பது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டத்தில் இதைக் கடைசிக் கேள்வியாக வைக்க முடியாது.

## மானிட்டரின் உள்ளீடுகளும் ஒரு யு.எஸ்.பி. ஸ்விட்சும்

இரண்டு கணினிகளிலிருந்தும் தனித்தனிக் கேபிள்கள் நேரே மானிட்டருக்குச் செல்கின்றன. கீபோர்டு, மவுஸ், தேவையானால் வெப்கேம் ஆகியவை ஒரு சிறிய யு.எஸ்.பி. ஸ்விட்சில் சேர்கின்றன. ஸ்விட்சின் பொத்தானை அழுத்தினால் அவை அடுத்த கணினிக்குப் போகும். மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் படம் மாறும். மாறுவதற்கு இரண்டு செயல்கள் தேவை என்பதே இதன் முதன்மையான குறை. இதன் பலன் பெரிது: படம் எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைந்து வெளிவருவதில்லை என்பதால், மானிட்டர் தரக்கூடிய முழுத் தெளிவும் முழு வேகமும் அப்படியே கிடைக்கின்றன. கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது செயலையும் தவிர்க்க ஒரு வழி உண்டு. பெரும்பாலான மானிட்டர்கள் டி.டி.சி./சி.ஐ. என்ற முறையில் கணினியிடமிருந்து கட்டளைகளை ஏற்கும். வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது போலவே உள்ளீட்டை மாற்றுவதும் அதில் ஒரு கட்டளை. விண்டோஸில் கன்ட்ரோல்மைமானிட்டர், லினக்ஸில் டி.டி.சி.யூடில் போன்ற இலவசக் கருவிகள் இந்தக் கட்டளையை அனுப்பும். அதை ஒரு குறுக்கு விசையோடு இணைத்துக்கொள்ளலாம். சில மானிட்டர்கள் அப்போது திரையில் தெரியும் கணினியின் பேச்சை மட்டுமே கேட்கும் என்பதால், ‘என் படத்தைக் காட்டு’ என்று மறுபுறக் கணினி கேட்பதைவிட, ‘அடுத்த உள்ளீட்டுக்குப் போ’ என்று திரையில் இருக்கும் கணினி அனுப்புமாறு அமைப்பதே நல்லது. டிஸ்ப்ளே ஸ்விட்ச் என்ற இன்னொரு இலவச மென்பொருள், கீபோர்டு வேறு கணினிக்குப் போனதை உணர்ந்து மானிட்டரையும் தானாகவே மாற்றிவிடுகிறது. நிறுவன லேப்டாப்பில் எதையும் நிறுவ முடியாவிட்டாலும், சொந்தக் கணினியிலிருந்து ஒரு திசைக்காவது இதைச் செய்துகொள்ளலாம்.

பழைய டி.டி.பி. கணினிக்கு இது பெரும்பாலும் தானாகவே பொருந்திவிடும். அதில் வி.ஜி.ஏ. வெளியீடு மட்டும் இருக்கும், வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. இரண்டும் உள்ள மானிட்டர்கள் இப்போதும் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சில டி.டி.பி. மென்பொருட்களோடு உரிமத்துக்கான சாவியாக வரும் டாங்கிள் என்ற சிறு யு.எஸ்.பி. கருவியை யு.எஸ்.பி. ஸ்விட்சில் செருகக் கூடாது. ஸ்விட்ச் மாறும் ஒவ்வொரு முறையும் டாங்கிள் பிடுங்கப்பட்டதாகவே கணினி கருதும். மென்பொருள் வேலையின் நடுவில் நின்றுவிடக்கூடும். வெளி ஹார்ட் டிஸ்கிற்கும் இதே விதிதான்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், நல்ல கேபிள் ஒன்று அதிகமாக வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

## கே.வி.எம். ஸ்விட்ச்

ஒரே பொத்தானில் மூன்றும் மாறும் என்பதே இதன் கவர்ச்சி. ஒரு மணி நேரத்தில் பலமுறை மாறுபவர்களுக்கு அந்த ஒரே பொத்தான் பணம் கொடுத்து வாங்கத் தகுந்ததே. மூன்று, நான்கு கணினிகளைக் கவனிக்கும் கணினிப் பயிற்சி மையம், பழுதுபார்க்கும் கடை ஆகியவற்றுக்கு வேறு நல்ல மாற்று இல்லை என்றே சொல்வேன். கணினி இயங்கத் தொடங்கும்போதே பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புத் திரையைப் பார்க்கவும் அதில் தட்டச்சு செய்யவும் முடிவது அவர்களுக்கு மிக முக்கியம்.

விலையைப் பொறுத்தவரை இதில் இரண்டு உலகங்கள் உள்ளன. வி.ஜி.ஏ. காலத்துப் பெட்டிகளும் முழு எச்.டி.க்கு மட்டும் போதுமானவையும் மலிவாகக் கிடைக்கும். 4கே மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம், வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தாங்கும் பெட்டி தேவை. அங்கே விலை ஆயிரங்களில் ஏறும். இரண்டு மானிட்டர்களுக்கு உரியது என்றால் இன்னும் ஏறும். அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம். எச்.டி.எம்.ஐ. 1.4 கூட 4கே படத்தைக் காட்டும், ஆனால் 30 ஹெர்ட்ஸில்தான். மவுஸின் அம்புக்குறி திரையில் இழுபட்டு நகர்வது கண்ணுக்கே தெரியும்.

அடுத்த குறை விலைப்பட்டியலில் தெரியாதது. ஒவ்வொரு மானிட்டரும் தன் அளவு, தெளிவு முதலிய விவரங்களை இ.டி.ஐ.டி. (EDID) எனப்படும் சிறு தரவாகக் கணினிக்குச் சொல்கிறது. மலிவான கே.வி.எம்.மில் நீங்கள் அடுத்த கணினிக்கு மாறியவுடன் முதல் கணினிக்கு அந்தத் தரவு அற்றுப்போகிறது. மானிட்டரே பிடுங்கப்பட்டுவிட்டதாக அது முடிவு செய்கிறது. நீங்கள் திரும்பி வரும்போது, மானிட்டரில் ஒழுங்காகத் திறந்து வைத்திருந்த சாளரங்கள் அனைத்தும் லேப்டாப்பின் சிறிய திரைக்குள் குவிந்து கிடக்கும். இ.டி.ஐ.டி. தரவைப் பெட்டியே நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு கணினிகளுக்கும் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும் வகை தனியாக உண்டு. லேப்டாப் வைத்திருப்பவர் வாங்குவதானால் அந்த வகையையே வாங்க வேண்டும்; இந்த வசதி இல்லாத கே.வி.எம்.மை விட முதல் வழியே மேல்.

குறுக்கு விசையும் ஒரு சிக்கல். பல பெட்டிகள் ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டினால் மாறும்படி அமைந்திருக்கின்றன. இப்போதைய சிறிய கீபோர்டுகள் பலவற்றில் அந்த விசையே கிடையாது. கீபோர்டுக்கென ஒதுக்கிய துளையில் கூடுதல் விசைகள் கொண்ட கீபோர்டுகளும் ஒயர்லெஸ் ரிசீவர்களும் சரிவர வேலை செய்யாமல் போவது உண்டு. அவற்றைப் பெட்டியில் மற்ற கருவிகளுக்கென உள்ள சாதாரண யு.எஸ்.பி. (ஹப்) துளைக்கு மாற்றினால் வேலை செய்யும், ஆனால் குறுக்கு விசை செயல்படாது.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கணினியையும் மானிட்டரையும் யு.பி.எஸ்.ஸில் செருகிவிட்டு, கே.வி.எம்.மின் அடாப்டரை மட்டும் சுவர்ப் பிளக்கில் விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் போன நொடியில் கணினி ஓடிக்கொண்டிருக்கும். படமும் கீபோர்டும் இல்லாததால் கோப்பைச் சேமிக்க வழியிருக்காது. அடாப்டரையும் யு.பி.எஸ்.ஸிலேயே செருக வேண்டும். அதில் துளை மிச்சமில்லை என்றால், கணினியின் யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே இயங்கும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

## ஒரு கீபோர்டையும் மவுஸையும் மென்பொருளால் பகிர்வது

இங்கே மானிட்டர் பகிரப்படுவதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் தனித் திரை உண்டு. ஒரு திரையின் விளிம்புக்கு மவுஸைக் கொண்டுசென்றால் அது அடுத்த கணினியின் திரைக்குள் நுழைகிறது. கீபோர்டும் கூடவே போகிறது. ஒன்றில் நகலெடுத்ததை இன்னொன்றில் ஒட்டவும் முடியும். இரண்டும் விண்டோஸ் என்றால், மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் 2023 முதல் இடம்பெறும் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் நான்கு கணினிகள் வரை இணைக்கும். அதற்குக் கட்டணம் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் கலந்திருந்தால் டெஸ்க்ஃப்ளோ, இன்புட் லீப் ஆகியவை உள்ளன. இரண்டும் ஆப்பிள் கருவிகள் என்றால் 2022-இல் வந்த யுனிவர்சல் கன்ட்ரோல் உள்ளேயே இருக்கிறது.

இரு திரைகளையும் ஒரே நேரத்தில் பார்த்து வேலை செய்பவருக்கு இதைவிட இனிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனால் தமிழில் எழுதுபவர் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். கே.வி.எம்., யு.எஸ்.பி. ஸ்விட்ச் போன்ற கருவிகள் எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே கணினிக்குச் சொல்கின்றன. அதை எந்தத் தமிழ் எழுத்தாக மாற்றுவது என்பதை அந்தக் கணினியே முடிவு செய்கிறது. அதனால் தமிழ்99-ஓ பழைய தட்டச்சு முறையோ, ஒவ்வொரு கணினியிலும் நிறுவியுள்ளபடி தவறாமல் வேலை செய்யும். டெஸ்க்ஃப்ளோ குடும்பத்து மென்பொருட்களோ, முதல் கணினியில் எந்த எழுத்து உருவானது என்பதையும் கணக்கில் எடுக்கின்றன. இரண்டு கணினிகளிலும் விசைப்பலகை மொழி ஒன்றாக இல்லாதபோது எழுத்துகள் மாறி வருவதும், உயிர்மெய் உடைவதும், சில விசைகள் வாளாவிருப்பதும் நேரும். கீபோர்டு செருகப்பட்டுள்ள கணினியை ஆங்கிலத்தில் நிறுத்திவிட்டு, எழுதப்போகும் கணினியில் மட்டும் தமிழுக்கு மாற்றிக்கொள்வது ஓரளவு பலன் தரும். நாள் முழுவதும் தமிழ்த் தட்டச்சே தொழிலாக இருப்பவர் ஒரு பக்கமாவது முழுமையாக அடித்துப் பார்த்த பிறகே இதை நம்ப வேண்டும்.

நகலெடுத்து ஒட்டுவதிலும் இதன் தொடர்ச்சி உண்டு. பழைய கணினியில் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் உள்ள பத்தியைப் புதிய கணினியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலே வரும். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தாக வேண்டும்.

இந்த மென்பொருட்கள் வீட்டு நெட்வொர்க்கை நம்பியிருப்பதால், நிறுவன லேப்டாப்பில் அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் வி.பி.என். இணைந்தவுடன் தொடர்பு அறுந்துவிடுவது வழக்கம். ரவுட்டர் யு.பி.எஸ்.ஸில் இல்லை என்றால் மின்வெட்டின்போதும் அதே கதி. நீங்கள் அடிக்கும் கடவுச்சொற்களும் இந்த வழியாகவே பயணிக்கின்றன என்பதால், மறையாக்க வசதியை அணைத்து வைக்கவே கூடாது. நிறுவனத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அலுவலக லேப்டாப்பில் இதை நிறுவ வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கீபோர்டு மிச்சமாவதற்காக வேலைக்குச் சிக்கல் வரக் கூடாது.

## பல கருவிகளோடு பேசும் ஒயர்லெஸ் கீபோர்டும் மவுஸும்

மூன்று கருவிகள் வரை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு விசையில் மாறும் கீபோர்டுகளும் மவுஸ்களும் லாஜிடெக் முதலிய நிறுவனங்களிடம் உண்டு. இதையும் மானிட்டரின் உள்ளீடுகளையும் சேர்த்துக்கொண்டால் யு.எஸ்.பி. ஸ்விட்சே வேண்டியதில்லை, மேசையில் கேபிள்களும் குறையும். கீபோர்டை ஒருமுறை, மவுஸை ஒருமுறை, திரையை ஒருமுறை என்று மூன்று முறை மாற்ற வேண்டியிருப்பது இதன் விலை. ப்ளூடூத் வழியாக இணைத்திருந்தால் பயாஸ் திரையில் பெரும்பாலும் வேலை செய்யாது. நாளுக்கு ஓரிரு முறை மட்டும் மாறுபவருக்கு ஏற்றது.

## கே.வி.எம். உள்ளடங்கிய மானிட்டர்

புதிதாக மானிட்டர் வாங்கப் போகிறவர் மட்டும் இதை எண்ணிப் பார்க்கலாம். லேப்டாப்பிலிருந்து ஒரே டைப்-சி கேபிள்; படமும் கீபோர்டும் லேப்டாப்புக்கான சார்ஜும் அதிலேயே சென்றுவிடும். இன்னொரு கணினி எச்.டி.எம்.ஐ. கேபிளோடு ஒரு யு.எஸ்.பி. கேபிளையும் சேர்த்துப் பெறும். உள்ளீடு மாறும்போது கீபோர்டும் தானாக மாறும். மேசை இதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது.

வாங்குமுன் உங்கள் லேப்டாப்பின் டைப்-சி துளை படம் அனுப்பக்கூடியதா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் அது தரவுக்கு மட்டுமே உரியது. மானிட்டர் தரும் சார்ஜ் 65 வாட்டா 90 வாட்டா என்பதும் லேப்டாப்பின் தேவையோடு ஒத்துப்போக வேண்டும். 4கே படம் 60 ஹெர்ட்ஸில் செல்லும்போது, பல மானிட்டர்களில் அதே கேபிளின் மீதிப் பாதை யு.எஸ்.பி. 2.0 வேகத்துக்குக் குறைந்துவிடுகிறது. கீபோர்டுக்கு அது ஏராளம், வெளி ஹார்ட் டிஸ்கிற்குப் போதாது. மானிட்டர் பழுதானால் படம், கீபோர்டு, சார்ஜ் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## ரிமோட் டெஸ்க்டாப்

இரண்டாவது கணினியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அதன் திரையை முதல் கணினியில் ஒரு சாளரமாகத் திறந்துகொள்வது இது. இரண்டும் சொந்தக் கணினிகள், வேலை எழுத்தும் கணக்கும் சார்ந்தது என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் முடிந்துவிடும். விண்டோஸ் ஹோம் பதிப்பை வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்க முடியாது; அதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும், அல்லது வி.என்.சி., ரஸ்ட்டெஸ்க் போன்ற மாற்றுகள் வேண்டும். வண்ணத் திருத்தத்துக்கும் காணொளிக்கும் ஒத்துவராது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய விண்டோஸ் கணினியை இதற்காக நெட்வொர்க்கில் இணைக்கவே கூடாது. அதைத் தனித்தே வைத்து முதல் வழியில் இயக்குவதே பாதுகாப்பு.

## ஒரே பார்வையில்

| வழி | இரு திரையும் ஒன்றாக | மென்பொருள் நிறுவ வேண்டுமா | தமிழ்த் தட்டச்சு | மின்வெட்டில் |
|---|---|---|---|---|
| மானிட்டர் உள்ளீடு + யு.எஸ்.பி. ஸ்விட்ச் | இல்லை | வேண்டாம் | சிக்கலில்லை | ஓடும் |
| கே.வி.எம். ஸ்விட்ச் | இல்லை | வேண்டாம் | சிக்கலில்லை | அடாப்டரைப் பொறுத்தது |
| மென்பொருள் பகிர்வு | உண்டு | இரண்டிலும் | சோதித்த பிறகே | ரவுட்டரைப் பொறுத்தது |
| பல கருவி ஒயர்லெஸ் | இல்லை | வேண்டாம் | சிக்கலில்லை | ஓடும் |
| கே.வி.எம். மானிட்டர் | சிலவற்றில் | வேண்டாம் | சிக்கலில்லை | ஓடும் |
| ரிமோட் டெஸ்க்டாப் | சாளரமாக | பெரும்பாலும் | சோதித்த பிறகே | ரவுட்டரைப் பொறுத்தது |

கணினியும் மானிட்டரும் யு.பி.எஸ்.ஸில் இருப்பதாகக் கொண்டே அட்டவணையின் கடைசி நெடுவரிசையை நிரப்பியிருக்கிறேன்.

## இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

கேபிள் வழியே பகிரும் எந்த ஏற்பாட்டிலும் இரண்டு கணினிகளின் உலோகப் பகுதிகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டுவிடுகின்றன. பழைய வீடுகளில் மூன்று முனை பிளக் இருந்தும் எர்த் கம்பி உண்மையில் இணைக்கப்படாமல் இருப்பது உண்டு. கணினிப் பெட்டியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுரீரென்று உணர்வது அதன் அடையாளம். அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும்போது, மிக மெல்லிய மின்சாரத்துக்காக அமைந்த உள் முனைகள் கெட்டுப்போக வாய்ப்புண்டு. எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதித்துவிட்டே புதிய பெட்டி எதையும் இணைக்க வேண்டும். முதல்முறை இணைக்கும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேபிள்களைச் செருகி, பிறகு மின்சாரம் கொடுப்பது நல்லது.

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பிற்பகலில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். பகிர்வு ஏற்பாடு செய்த பிறகு ஒரு கணினியின் பிளக்கை மட்டும் பிடுங்குவது போதாது. மின்னலால் எழும் மிகை மின்சாரம் ஒன்றின் வழியாக வந்து கேபிள் மூலம் அடுத்ததையும் தாக்கும். இரண்டு கணினிகள், மானிட்டர், ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பி ஆகிய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஃபைபர் கம்பியில் மின்னோட்டம் வராது. ஆனால் அதை வாங்கும் பெட்டியின் அடாப்டர் வழியாக வரும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் உலோக முனைகள் விரைவில் களிம்பு பிடிக்கின்றன. அங்கே கேபிள்களை அடிக்கடி கழற்றிச் செருகும் ஏற்பாட்டைவிட, ஒருமுறை செருகி விட்டுவிடும் ஏற்பாடே நீடிக்கும். படம் விட்டு விட்டு வந்தால் ஸ்விட்சைக் குறைசொல்லும் முன் கேபிள் முனைகளைப் பார்க்கவும்.

கே.வி.எம். தான் வேண்டும் என்று முடிவு செய்தவர், முடிந்தால் தம் லேப்டாப்பையும் கீபோர்டையும் கடைக்கே கொண்டுசென்று பார்க்க வேண்டும். லேப்டாப்போடு வெளி மானிட்டரை இணைத்து, மானிட்டரில் இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த கணினிக்கு மாறுங்கள். சற்றுப் பொறுத்துத் திரும்பி வாருங்கள். சாளரங்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா, திரை அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறதா, உங்கள் கீபோர்டிலேயே குறுக்கு விசை வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் வாங்கலாம். இணையத்தில் வாங்குவதானால், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இதே சோதனைகளை வீட்டில் செய்து பார்த்துவிடுங்கள்.